நாஞ்சில் நாட்டுக் குளங்களில் விரால் தூண்டில்: எங்கே போடலாம், எப்போது போடக் கூடாது?

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் மீன் என்றால் கடல் மீன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டினம் என்று பெயர் பெற்ற துறைமுகங்கள் இருக்கும் ஊர் இது. ஆனால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தாலே வேறொரு மீன் உலகம் இருக்கிறது. குளம், கால்வாய், ஆறு, அணை. அங்கே ராஜா யார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: விரால்.

ஒரு காலத்தில் மூங்கில் கம்பும் மண்புழுவும் போதும் என்றிருந்த இந்தத் தூண்டில் வேலை, இப்போது ரீல் பொருத்திய ராட், ரப்பர் தவளை, யூடியூப் வீடியோ என்று ஒரு விளையாட்டாகவே மாறிவிட்டது. அமெரிக்காவில் 'பாஸ் ஃபிஷிங்' எப்படியோ, அப்படி நம்ம ஊரில் 'விரால் ஃபிஷிங்'. விடுமுறை நாட்களில் குளத்தங்கரையில் வரிசையாக பைக் நிற்கிறது.

இதில் சில கேள்விகள் இருக்கின்றன. குளம் பொதுச் சொத்துதானே, யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாமா? ராம்சார் பட்டியலில் இருக்கும் குளத்தில் மீன் பிடிக்கலாமா? சிவப்புக் குஞ்சுகள் மிதக்கும் இடத்தில் தூண்டில் போட்டால் என்ன ஆகும்? ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'பாஸ்' மீன் நம்ம ஊரில் இருக்கிறதா?

நன்னீர் 'பாஸ்' என்று உலகம் கொண்டாடுவது 'லார்ஜ்மவுத் பாஸ்' என்ற வட அமெரிக்க மீனை. பெரிய வாய், ஒளிந்திருந்து பாயும் குணம், தூண்டிலில் மாட்டினால் துள்ளிக் குதிக்கும் வேகம். 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் பல காலம் உலக சாதனை. நம்ம கணக்கில் சுமார் 10 கிலோ. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் அதைச் சமன் செய்தார்.

ஜப்பானுக்கு அந்த மீன் எப்படிப் போனது? 1925-ல் கொண்டுபோய் ஒரு ஏரியில் விட்டார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. கடைசியில் அந்நிய உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் கீழ் 2005-ல் அதை வளர்க்கவும் கொண்டுசெல்லவும் தடை போட வேண்டியதாயிற்று.

குமரி மாவட்டக் குளங்களில் அந்த பாஸ் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது விரால். ஆகாயத்தாமரைக்கும் தாமரை இலைக்கும் அடியில் அசையாமல் கிடக்கும். மேலே தவளை தாவினால் ஒரே பாய்ச்சல். அமெரிக்காவில் பாஸ் பிடிக்க உருவாக்கிய அதே ரப்பர் தவளைதான் இங்கே விராலுக்கும் வேலை செய்கிறது. காரணம், இரண்டும் ஒரே மாதிரி வேட்டையாடும் மீன்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் விராலின் சீனத்துச் சொந்தக்காரன் ஒன்று சிக்கியது. ஊடகங்கள் அதற்கு 'ஃபிராங்கன்ஃபிஷ்' என்று அரக்கன் பெயர் வைத்தன. அந்தக் குளத்தையே மருந்து போட்டுக் காலி செய்தார்கள். அதே ஆண்டு விரால் இன மீன்களை உயிரோடு இறக்குமதி செய்யவும் தடை வந்தது. அங்கே பாஸ் சொந்தப் பிள்ளை, விரால் அந்நியன். இங்கே நேர் எதிர். மீனில் நல்லது கெட்டது இல்லை. அது எந்தத் தண்ணீருக்கு உரியது என்பதுதான் கணக்கு.

விரால் எப்படிப்பட்ட மீன்?

பேச்சில் விரால், ஏட்டில் வரால். சங்கப் பாடல்களில் மருத நிலத்தைச் சொல்லும்போது வயலோடும் பொய்கையோடும் வருவது வரால்தான். மலையாளத்திலும் வரால் என்றுதான் பெயர்.

விராலில் பல வகை உண்டு. நம் குளங்களில் அதிகம் காணப்படுவது உடலில் சாய்ந்த பட்டைகள் கொண்ட சாதாரண விரால். இதைவிடப் பெரிதாக வளர்வது புள்ளி விரால். சிறியது குறவை. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டும் வாழும் இன்னொரு வகையும் இருக்கிறது. 1865-ல் பெயர் வைக்கப்பட்ட அந்த மீனை, தென்கிழக்கு ஆசியாவில் வாழும் வேறொரு விராலோடு சேர்த்து ஒன்றாகவே பல காலம் எண்ணி வந்தார்கள். அது தனி இனம்தான் என்று 2011-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. 146 ஆண்டு குழப்பம்!

விராலின் தனிச்சிறப்பு அதன் மூச்சு. செவுள் இருந்தாலும் அது மட்டும் போதாது. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி அறை ஒன்று இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து 'பொளக்' என்று காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே வலையில் அமுக்கி வைத்தால், மீனாக இருந்தும் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

இதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சகதிக் குளத்திலும் விரால் பிழைக்கிறது. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். மழை பெய்தால் ஈரப் புல் மேல் நெளிந்து அடுத்த குளத்துக்கே போய்விடும். சந்தையில் விரால் மட்டும் தொட்டியில் உயிரோடு கிடப்பதற்கும் இதுதான் காரணம். உயிரோடு விற்கலாம் என்பதாலேயே மற்ற குளத்து மீன்களைவிட இதற்கு விலையும் கூடுதல்.

இந்த மாவட்டத்தின் தண்ணீர் எப்படி ஓடுகிறது?

மீன் எங்கே என்று தெரிய, தண்ணீர் எங்கே என்று தெரிய வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள்தான் பழைய நாஞ்சில் நாடு. கல்குளம், விளவங்கோடு பகுதிகளையும் சேர்த்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்ததுதான் இன்றைய குமரி மாவட்டம்.

திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் கட்டப்பட்டு 1906-ல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பிறகு வந்த பெருஞ்சாணி அணை 77 அடி. சிற்றாறு 1, 2 அணைகள் தலா 18 அடி. கோதையாறு பாசனத் திட்டம் என்று சொல்வது இந்த அணைகளையும், இவற்றிலிருந்து கிளம்பும் கால்வாய்களையும், அவை நிரப்பும் குளங்களையும் சேர்த்துத்தான்.

வழக்கமாக ஜூன் 1-ல் அணை திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. குமரிக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆக, ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் கால்வாயில் தண்ணீர் ஓடும். மார்ச் முதல் மே வரைதான் குளம் இறங்கும் காலம்.

விராலின் வாழ்க்கையும் இதே காலண்டரில்தான் போகிறது. மழை தொடங்கினால் முட்டையிட ஆழம் குறைந்த ஓரத்துக்கு வரும். வயலில் தண்ணீர் நின்றால் குஞ்சுகள் அங்கே மேயும். வயல் காய்ந்தால் கால்வாய் வழியாகக் குளத்துக்குத் திரும்பும். குளம், கால்வாய், வயல் மூன்றும் அதற்கு ஒரே வீட்டின் மூன்று அறைகள் மாதிரி. ஒன்றைப் பூட்டினால் மற்ற இரண்டும் பயன்படாது.

எந்தத் தண்ணீரில் என்ன மீன்?

குளம்: விரால், குறவை, கெண்டை வகைகள், கெளுத்தி, ஆரல், பனையேறிக் கெண்டை. குத்தகைக்காரர்கள் விடும் கட்லா, ரோகு, மிர்கால். எங்கும் நிறைந்திருக்கும் திலேப்பியா, அதாவது ஜிலேபி மீன்.

அணை: பெரும்பாலும் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு வகைகள். இவை கங்கைச் சமவெளி மீன்கள். தேங்கிய தண்ணீரில் தாமாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் நாடு முழுக்கக் குஞ்சு கிடைக்கத் தொடங்கியது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கழிமுகம்: பழையாறு மணக்குடியிலும், வள்ளியாறு கடியப்பட்டினத்திலும், குழித்துறை தாமிரபரணி தேங்காய்ப்பட்டினத்திலும் கடலில் சேர்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்த மாதிரி இடங்களுக்கு உரியவை கரிமீன், மடவை, கொடுவா.

இந்தக் கொடுவாவைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'ஏசியன் சீ பாஸ்'. பெயரில் பாஸ் என்று வரும் நம்ம ஊர் மீன் இதுதான். ஆற்றில் வளரும், கடலோரம் போய் முட்டையிடும். இன்னொரு ஆச்சரியம், பெரும்பாலான கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, பெரிதானதும் பெண்ணாக மாறும். அதனால் பெரிய கொடுவாவாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால், மிச்சம் இருப்பது ஆண்கள் மட்டும்தான்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

பழைய முறை எளிது. கம்பு, நரம்பு, தக்கை, முள். இரைக்கு மண்புழு, சின்ன மீன், தவளைக் குஞ்சு. இரவில் கரையோரம் குச்சி நட்டு, இரை கோத்த தூண்டிலைக் கட்டிவைத்துவிட்டு, காலையில் வந்து பார்ப்பதும் உண்டு. குளம் வற்றும்போது வலையும் கூடையும் இறங்கும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊரே சேர்ந்து ஊத்தா, கச்சாவோடு இறங்கும் மீன்பிடித் திருவிழாக்கள் பிரபலம்.

புதிய முறையில் இரை உயிருள்ளது அல்ல. ரப்பர் தவளையைப் பாசிக்கு மேல் வீசி, தத்தித் தத்தி இழுப்பார்கள். தவளையின் முதுகை ஒட்டி முள் மேல்நோக்கி இருப்பதால் செடியில் சிக்காது. விரால் கவ்வியதும் உடனே இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு எண்ணி, வாய் மூடியதும் ஒரே வெட்டு. நரம்பும் சாதாரண நைலான் சரிப்படாது. செடியை அறுத்துக்கொண்டு வர, பின்னிய 'பிரெய்டு' நூல் வேண்டும்.

அதிகாலையும் மாலையும்தான் விரால் நேரம். உச்சி வெயிலில் அது நிழலுக்குள் போய்விடும்.

வெடி வைப்பது, நஞ்சு கலப்பது, கரன்ட் பாய்ச்சுவது ஆகிய மூன்றும் மீன்பிடி முறையே அல்ல, குற்றம். குஞ்சு, முட்டை, தவளை, பாம்பு என்று குளத்தில் இருக்கும் எல்லாமே அதில் போகும். கரன்ட் பாய்ச்சிய குளத்தில் மனிதரும் போகலாம்.

சிவப்புக் குஞ்சுக் கூட்டம்: ஏன் அங்கே தூண்டில் போடக் கூடாது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

முட்டையிடும் காலத்தில் விரால் ஜோடி, செடிகளை விலக்கி ஒரு சின்ன வட்டத்தைச் சுத்தம் செய்து அங்கே முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, ஆரஞ்சும் சிவப்புமாக ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரு பந்து போலச் சேர்ந்து நகரும். காற்று குடிக்க எல்லாம் ஒன்றாக மேலே வரும்போது, மழைத்துளி விழுந்தது போலத் தண்ணீர் சிலிர்க்கும். அதற்கு நேர் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். இந்தக் காவல் பல வாரம் நீடிக்கும்.

அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் எது வந்தாலும் பெற்ற மீன் பாயும். பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அதனால்தான் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே தவளையைப் போட்டால், அநேகமாக நிச்சயம் விரால் மாட்டும். கத்துக்குட்டிக்கும் மாட்டும். வீடியோவுக்கு நன்றாக இருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு? காவல் போன சில நிமிடங்களிலேயே திலேப்பியா, கெண்டை, கெளுத்தி, நீர்க்காகம் எல்லாம் அந்தப் பந்தை மேயத் தொடங்கும். ஒரு மீனைத்தான் பிடித்தோம் என்று நினைப்போம். உண்மையில் போனது ஒரு தலைமுறை.

இது விராலுக்கு மட்டும் உள்ள பிரச்சனை அல்ல. அமெரிக்க பாஸ் மீனிலும் ஆண்தான் கூட்டைக் காக்கும். அதைத் தூக்கினால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். அதனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் ஜூன் கடைசி வரை பாஸ் மீனுக்குத் தூண்டிலே போடக் கூடாது.

நம்ம மாவட்டத்துக்கும் இந்தக் கருத்து புதிதல்ல. கடலுக்குத் தடைக்காலம் இருக்கிறதே! சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டினம் உள்ளிட்ட மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் பார்ப்பவர்கள் நாம். குளத்துக்கு மட்டும் ஊரறிந்த ஓய்வு மாதம் எதுவும் இல்லை. அதைத் தூண்டில் பிடிப்பவர்தான் தமக்குத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

குளம் யாருடையது? மீன்பாசி குத்தகை என்றால் என்ன?

'குளம் அரசாங்கத்தோடது, மீன் சாமி கொடுத்தது' என்று சொல்லித் தூண்டில் போட்டால் வம்பு வரலாம். நீர்வளத் துறை, ஊராட்சி, பேரூராட்சி என்று குளத்துக்குக் குளம் பொறுப்பு மாறும். குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையைத் தனியாக ஏலம் விடுவதற்குப் பெயர்தான் மீன்பாசி குத்தகை.

குத்தகை எடுத்தவர் பணம் கட்டி, குஞ்சு வாங்கி விட்டு, தீவனமும் போட்டு, அறுவடைக்குக் காத்திருப்பவர். அவர் விட்டது கட்லாவாக இருக்கலாம், நீங்கள் பிடிப்பது விராலாக இருக்கலாம். ஆனாலும் அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக் காலம் முடியும்வரை அவருக்குத்தான்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. குத்தகைக்காரருக்கு விரால் பல நேரம் வேண்டாத விருந்தாளி, அவர் விட்ட குஞ்சுகளைத் தின்னும் என்பதால். அதனால் தூண்டிலில் விரால் மட்டும் பிடிப்பதைச் சிலர் கண்டுகொள்வதில்லை. சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். சிலர் விரட்டுவார்கள். எப்படி இருந்தாலும், கரையில் நிற்பவரிடம் "அண்ணாச்சி, இந்தக் குளத்த யாரு எடுத்திருக்கா? ஒரு மணி நேரம் தூண்டில் போட்டுக்கிடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சில குளங்களில் தாமரை வளர்ப்பும் உண்டு. தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் பூ அது. அந்தக் கொடிகளுக்குள் முள்ளை வீசி இழுத்தால் அறுபடுவது இன்னொருவருடைய பிழைப்பு.

அணைகளின் மேல்பகுதிகள் காட்டை ஒட்டியவை. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தூண்டில் அடுத்த விஷயம்.

ராம்சார் குளத்தில் மீன் பிடிக்கலாமா?

2022-ல் குமரி மாவட்டத்தின் இரண்டு நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஒன்று 94.23 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம். இன்னொன்று 19.75 ஹெக்டேர் பரப்புள்ள வேம்பனூர் ஈரநிலம். இரண்டுமே மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள். உலக அளவில் கவனிக்கப்படுவது அங்கே வரும் பறவைகளுக்காக.

ராம்சார் என்றால் உள்ளே யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று அர்த்தம் இல்லை. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் மையக் கருத்தே, ஈரநிலத்தைக் கெடுக்காமல் அறிவோடு பயன்படுத்துவதுதான். பாசனம் நடக்கலாம், மரபான மீன்பிடிப்பும் நடக்கலாம். ஆக்கிரமிப்பு, குப்பை, கழிவுநீர் ஆகியவைதான் 2017-ன் ஈரநில விதிகளில் நேரடியாகத் தடுக்கப்பட்டவை.

ஆனால் சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பகுதிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ரிசர்வாகவும் இருக்கின்றன. ஆக, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுமுன் வனத்துறையிடம் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, அறுந்து விழும் தூண்டில் நரம்பு. பின்னிய நூல் மக்காது. முக்குளிப்பான், தாழைக்கோழி, நீர்க்காகம் இவற்றின் காலில் சுற்றினால் பறவை பட்டினி கிடந்து சாகும். நூல் அறுந்தால் முடிந்தவரை சுருட்டி எடுத்து வருவது கட்டாயம்.

விராலுக்கு யார் எதிரி?

ஒன்று, நோய். 1988-ல் இந்தியாவின் வடகிழக்கில் நுழைந்த புண் நோய், 1991-ல் கேரளத்தை அடைந்தது. நீர்ப்பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வரும் இந்த நோயில் உடல் முழுக்கக் குழிப்புண் விழும். அதிகம் அடிபட்டவை விரால் இனங்கள்தான். இன்றும் குளிர்ந்த மழை மாதங்களில் புண் விழுந்த விராலைப் பார்க்கலாம். அதைத் தூக்கி இன்னொரு குளத்தில் போடாதீர்கள்.

இரண்டு, அந்நிய மீன்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா இப்போது இல்லாத குளமே அபூர்வம். அதைவிட ஆபத்தானது ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்ப்புக்கு 2000-ல் மத்திய அரசு தடை விதித்தும், கள்ளத்தனமாக வளர்ப்பது நிற்கவில்லை. அதுவும் விராலைப் போலக் காற்றைச் சுவாசிக்கும், ஊர்ந்து போகும். அகப்பட்டதை எல்லாம் தின்னும், கழிவைக்கூட. சென்னை ஏரிகளில் பெருகிய 'டேங்க் கிளீனர்' மீன், வீட்டுத் தொட்டியிலிருந்து யாரோ 'பாவம்' என்று விட்டதால் வந்த வினை.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமாவும், முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் மீனும் சிக்கின. பண்ணைக் குட்டைகள் நிரம்பி வழிந்ததுதான் காரணம். 2021 நவம்பர் மழையில் குமரி மாவட்டத்திலும் குளங்கள் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்தது. கரை உடைந்தால் பண்ணை மீன் எது, ஆற்று மீன் எது என்று தண்ணீர் பார்ப்பதில்லை.

மூன்று, நிலம். நெல் வயல் வாழைத் தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறியது. கால்வாய்க்கு கான்கிரீட் பூசினார்கள். நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டியது இந்த மாவட்டத்தில் பெரிய விவாதமே ஆனது. ஏற்கெனவே சொன்ன மூன்று அறைகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுகிறது. தூண்டில் போடுகிறவர்கள் எல்லோரும் நாளைக்கே நிறுத்தினாலும், இந்தப் பூட்டுகள் திறக்காமல் விரால் பெருகாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிடித்துவிட்டு, திரும்ப விடுவது நல்லதா?

சாப்பிடப் பிடித்தால் தவறே இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இந்த ஊரின் அடையாளம். ஆனால் சும்மா பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள் திரும்ப விடுவது நல்ல பழக்கம்தான், சரியாகச் செய்தால்.

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் வழவழப்புப் படலம் உரியும். அந்த இடத்தில்தான் புண் நோய் பிடிக்கும். முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிப் போஸ் கொடுக்காதீர்கள். சுடுகிற சிமென்ட் கரையில் போடாதீர்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் வெளியே கொஞ்ச நேரம் தாங்கும். அதற்காக அரை மணி நேரம் வீடியோ எடுக்க வேண்டாம். பிடித்த அதே தண்ணீரில் விடுங்கள்.

ஒரு சாணுக்குள் இருக்கும் விராலை எடுக்காதீர்கள். அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் இந்த விதி தலைகீழ். அதைத் தண்ணீரில் திரும்ப விடவே கூடாது, உயிரோடு வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது.

உயிருக்கு ஆபத்து எங்கே?

குளத்தின் மடைக்குப் பக்கத்தில் ஆழமும் இழுப்பும் அதிகம். தாமரைக் கொடியிலும் சேற்றிலும் கால் சிக்கினால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். முள்ளை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். நூறு ரூபாய் தவளைக்காக உயிரை விட வேண்டாம். அணை திறக்கும் அறிவிப்பு வந்தால் ஆற்றுப் பாறையில் நிற்காதீர்கள். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். மேலே மின்கம்பி போகிறதா, இடி இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வீசுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

குளத்தை யார் எடுத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். காட்டிலும் பாதுகாப்பு ரிசர்விலும் வனத்துறையிடம் கேளுங்கள். சிறிய மீனை விடுங்கள். அந்நிய மீனை விடாதீர்கள். அறுந்த நூலைச் சுருட்டி எடுத்து வாருங்கள்.

தண்ணீர் மேல் சிவப்பாகச் சிலிர்க்கும் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால், ராடைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கரைக்கு நகர்ந்துவிடுங்கள். அடுத்த வருஷம் நீங்கள் பிடிக்கப் போகும் விரால் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.